பாரத்தில் குடியுரிமைக் கட்டம்: மகளுக்கு ஒரு பதில், மாமியாருக்கு ஒரு பதில்

கேள்வி:

வணக்கம் ஐயா. மலேசியா, பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். என் மகள் 2005ல் புக்கிட் மெர்தாஜாமில் பிறந்தவள். இங்கிலாந்தில் படிக்க இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு இணையத்தில் மனுப் போடுகிறோம். முதல் பாரத்தில் ‘நேஷனாலிட்டி’ என்ற இடத்தில் ‘இந்தியன்’ என்று போட்டு அனுப்பிவிட்டோம். இங்கே எல்லாப் பாரத்திலும் பங்சா, அதாவது இனம் என்றால் இந்தியா என்றுதானே எழுதிப் பழக்கம்! இரண்டாவது பாரத்தை நிரப்பும்போது சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் பார்த்துவிட்டு, ‘அம்மா, அது தப்பு’ என்றான்.

இதற்கிடையில் லண்டனில் இருக்கும் என் கணவரின் சித்தப்பா மகன், ‘உங்கள் மாமனார் ஜார்ஜ்டவுனில் பிறந்தவர். அதனால் உன் கணவன் பிரிட்டிஷ் குடிமகன். மகளையும் பிரிட்டிஷ் என்று போடச் சொல், பீஸ் குறையும்’ என்கிறார். மாமனார் 1945ல் பிறந்தவர், இப்போது இல்லை. கணவர் பிறந்தது 1972.

மூன்றாவது, என் மாமியார். 1953ல் கெடாவில் கூலிம் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். இன்னும் சிவப்பு ஐசிதான், நிரந்தரவாசிகளுக்குத் தரும் அடையாள அட்டை. 1959ல் அதே தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த அவருடைய சொந்தத் தம்பிக்குக் குடிமக்களுக்கான நீல ஐசி. போன மாதம் கிளினிக்கில் பாரம் கொடுத்தார்கள். வார்கநெகாராவா, அதாவது குடிமகளா என்று கேட்ட இடத்தில் நான் ‘ஆமாம்’ என்று கோடு போட்டுவிட்டேன். மாமியார் முகத்துக்கு எதிரே ‘இல்லை’ என்று எழுத மனம் வரவில்லை. நான் செய்தது சரியா? அவருக்கு எந்த நாடு என்று எழுதுவது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அனுப்பிவிட்ட அந்த முதல் பாரத்தை இன்றைக்கே திருத்துங்கள். பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவுக்கு உங்கள் மகள் ஒரு மின்னஞ்சல் எழுதட்டும். மனு எண், முழுப் பெயர், ‘குடியுரிமை என்ற இடத்தில் தவறுதலாக இந்தியா என்று குறித்துவிட்டேன், நான் மலேசியக் குடிமகள், பாஸ்போர்ட் நகலை இணைத்திருக்கிறேன், பதிவைத் திருத்தித் தாருங்கள்.’ இவ்வளவு போதும். இனத்தையும் குடியுரிமையையும் குழப்பிக்கொண்ட கதையெல்லாம் எழுத வேண்டாம். திருத்திவிட்டோம் என்று அவர்களிடமிருந்து பதில் வந்ததும் அதை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள்.

ஏன் இத்தனை அவசரம் என்றால், இடம் கிடைத்த பிறகு விசாவுக்காக அவர்கள் ஓர் உறுதி எண் தருவார்கள். காஸ் என்பார்கள். அந்தப் பதிவில் மாணவரின் குடியுரிமையும் இருக்கும். அதில் இந்தியா, கையில் இருக்கும் பாஸ்போர்ட்டில் மலேசியா என்று இருந்தால் விசா மனு அங்கேயே சிக்கிக்கொள்ளும். இப்போது ஒரு மின்னஞ்சலோடு முடிகிற வேலை, அப்போது வாரக்கணக்கில் இழுக்கும்.

உங்கள் மேல் தவறு சொல்ல மாட்டேன். நம் ஊரில் பாரம் நிரப்பி வளர்ந்த யாருக்கும் இந்தக் குழப்பம் வரும். நம்முடைய மலாய்ப் பாரங்களில் பங்சா அல்லது கெத்துருனான் என்று ஒரு கட்டம், வார்கநெகாரா என்று இன்னொரு கட்டம். முதலாவது இனம், அதாவது வம்சாவளி. அதில் ‘இந்தியா’ என்று எழுதுகிறோம். இரண்டாவதுதான் குடியுரிமை. ஆங்கிலப் பாரத்தில் ‘நேஷனாலிட்டி’ என்று பார்த்ததும், பங்சா என்ற சொல்லோடு பழகிய மனம் நேராக இனத்துக்குப் போய்விடுகிறது. போதாக்குறைக்கு, தமிழிலும் ‘இந்தியர்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை ஏறுகிற கூட்டத்தைப் பார்த்து ‘இந்தியர்கள்’ என்கிறோம். டில்லி அரசாங்கத்தின் பாஸ்போர்ட்டோடு வந்திறங்கும் சுற்றுப்பயணியையும் ‘இந்தியர்’ என்கிறோம். பேச்சில் பாதகமில்லை. வெளிநாட்டுப் பாரத்தில் அது வேறொரு நாட்டின் பெயராகிவிடுகிறது.

சில வருடங்களுக்கு முன் ஓர் இளைஞர் என் அலுவலகத்துக்கு வந்தார். வெல்டிங் வேலைக்கு வெளிநாடு போக ஒரு ஏஜெண்டிடம் பாரம் நிரப்பிக் கொடுத்திருந்தார். அதே தவறு, ‘இந்தியன்’ என்று. ஏஜெண்டு பாஸ்போர்ட்டைத் திறந்துகூடப் பார்க்காமல், பாரத்தில் இருந்ததை அப்படியே அந்த நாட்டுக்கு அனுப்பிவிட்டார். வந்த வேலை பெர்மிட்டில் பெயர் சரி, பிறந்த தேதி சரி, நாடு மட்டும் இந்தியா. விமானச் சீட்டு வாங்கியாகிவிட்டது, மோட்டார் சைக்கிளை விற்றாகிவிட்டது. பெர்மிட்டை ரத்துசெய்து மறுபடி வாங்குவதற்குள் அந்த வேலைக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். அவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பாஸ்போர்ட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மகளின் பாஸ்போர்ட்டை எடுத்துப் படம் இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். வார்கநெகாரா என்பதற்கு நேரே ‘மலேசியா’ என்று அச்சிட்டிருக்கும். பிறந்த இடத்துக்கு நேரே பினாங்கு. அந்தப் பக்கத்தில் இனம் எங்கேயும் இருக்காது. மைகார்டு என்ற நம் அடையாள அட்டையிலும் அப்படித்தான். ‘வார்கநெகாரா’ என்ற சொல் இருக்கும், இந்தியர் என்றோ தமிழர் என்றோ இருக்காது. வெளிநாட்டுப் பாரம் கேட்பது அந்தப் பக்கத்தில் இருப்பதைத்தான். அதை அப்படியே பார்த்து எழுதினால் போதும். எழுதவேண்டிய இடமாக இருந்தால் ‘மலேசியன்’, பட்டியலில் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் ‘மலேசியா’. மூன்றெழுத்துக் குறியீடு கேட்டால் எம்-ஒய்-எஸ். கார் பின்னால் ஒட்டுகிற எம்-ஏ-எல் இங்கே செல்லாது. பட்டியலில் மலேசியாவுக்கு நேர் மேலே மலாவி என்ற ஆப்பிரிக்க நாடு நிற்கும். கைப்பேசியில் விரல் கொஞ்சம் வழுக்கினால் மகள் மலாவிக்காரியாகிவிடுவாள். அனுப்புவதற்கு முன் ஒருமுறை பெரிய திரையில் பாருங்கள்.

இங்கிலாந்துப் பாரங்களில் இனத்தைத் தனியாக ஒரு கட்டத்தில் கேட்பதும் உண்டு. அங்கே ‘ஆசியர் – இந்தியர்’ என்று குறிப்பது சரி. பிறந்த நாடு மலேசியா. நிரந்தரமாக வசிக்கும் நாடு மலேசியா. விசா பாரத்தில் பெற்றோரின் குடியுரிமையையும் கேட்பார்கள். உங்களுக்கும் கணவருக்கும் மலேசியா.

உங்கள் மகன் சிங்கப்பூரில் இருப்பதால் ஒரு வார்த்தை. அவருக்கு அங்கே நிரந்தரவாசத் தகுதி கிடைத்திருந்தால், வசிக்கும் நாடு சிங்கப்பூர், குடியுரிமை மலேசியா. அங்கே நிரந்தரவாசிகளுக்குக் கொடுப்பது நீல அட்டை, குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு. நம் ஊரில் நீலம் என்றால் குடிமகன். இரண்டு நீலமும் கைப்பையில் இருக்கும்போது, எது எந்த நாட்டு நீலம் என்று பார்த்துத்தான் பாரம் நிரப்ப வேண்டும்.

சரி, லண்டன் உறவினர் சொன்ன விஷயத்துக்கு வருவோம். அவர் முழுக்கத் தவறாகச் சொல்லவில்லை. பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து.

பினாங்கும் மலாக்காவும் நீரிணைக் குடியேற்றங்களைச் சேர்ந்தவை, நேரடியாக பிரிட்டிஷ் காலனியாக இருந்தவை. கெடா, பேராக் மாதிரி சுல்தான்களின் மாநிலங்கள் அல்ல. உங்கள் மாமனார் 1945ல் ஜார்ஜ்டவுனில் பிறந்தபோதே பிரிட்டிஷ் பிரஜை. 1949 முதல், அப்போதைய சட்டப்படி, ‘ஐக்கிய ராஜ்யமும் காலனிகளும்’ என்ற வகைக் குடியுரிமை அவருக்கு இருந்தது. 1957 ஆகஸ்ட் 31 அன்று மெர்டேக்கா, அதாவது சுதந்திரம் கிடைத்தபோது, பினாங்கிலும் மலாக்காவிலும் பிறந்தவர்களிடமிருந்து பிரிட்டன் அந்தத் தகுதியைப் பறிக்கவில்லை. அவர்கள் மலாயாக் குடிமக்களாகவும் ஆனார்கள், பழைய தகுதியும் பிரிட்டன் சட்டப் புத்தகத்தில் தங்கிவிட்டது. அது தகப்பன் வழியாக ஒரு தலைமுறைக்கு இறங்கும். அப்படித்தான் 1972ல் பிறந்த உங்கள் கணவருக்கு வந்திருக்க வாய்ப்பு உண்டு. 1983 ஜனவரி 1 அன்று பிரிட்டனின் புதிய குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இவர்களையெல்லாம் ‘பிரிட்டிஷ் கடல்கடந்த குடிமக்கள்’ என்று ஒரு வகையில் சேர்த்தார்கள்.

பெயரில்தான் ‘பிரிட்டிஷ்’ இருக்கிறது. அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு இங்கிலாந்தில் வசிக்க உரிமை கிடையாது, வேலை செய்ய உரிமை கிடையாது. ‘பிரிட்டிஷ் குடிமகன்’ என்பது வேறு, இது வேறு. உங்கள் மகளோ 2005ல் பிறந்தவள். 1983க்குப் பிறகு பிறந்த அவளுக்கு இந்த வகைகூட இறங்கவில்லை. ஆகவே அவள் பாரத்தில் பிரிட்டிஷ் என்றோ இரட்டைக் குடியுரிமை என்றோ குறித்தால் அது பொய்த் தகவல். பீஸ் குறையாது, சேர்க்கை போகும்.

கணவர் விஷயத்தில் இன்னும் அழுத்தமாகச் சொல்கிறேன். அந்த உறவினர் பேச்சைக் கேட்டு, பிரிட்டிஷ் கடல்கடந்த பாஸ்போர்ட்டுக்கு அவர் தயவுசெய்து மனுச் செய்துவிட வேண்டாம். மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்காத நாடு. நம் கூட்டரசு அரசியலமைப்பின் 24வது பிரிவு, வேறு நாட்டுக் குடிமக்களுக்கே உரிய உரிமையைத் தானாகக் கேட்டுப் பெற்றுப் பயன்படுத்துகிறவரின் மலேசியக் குடியுரிமையைப் பறிக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் தருகிறது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு மனுச் செய்வதையும், அதை வைத்துப் பயணம் செய்வதையும் அந்தக் கணக்கில் சேர்க்கிறது.

2002க்குப் பிறகு நடந்ததை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மறக்க மாட்டார்கள். பிரிட்டன் அந்த ஆண்டு ஒரு சட்டம் கொண்டுவந்தது. வேறு எந்தக் குடியுரிமையும் இல்லாத கடல்கடந்த குடிமக்கள் முழு பிரிட்டிஷ் குடியுரிமை பெறலாம் என்றது. ‘அப்படியானால் மலேசியக் குடியுரிமையை விட்டுவிட்டால் போதும்’ என்று யாரோ சொன்னதை நம்பி, அங்கே இருந்த மலேசியர்கள் பலர் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்தார்கள். ஆனால் 2002 ஜூலை 4க்குப் பிறகு தானாக விட்டுக்கொடுத்தவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை என்று அதே சட்டத்தில் எழுதியிருந்தது. பிரிட்டன் ஏற்கவில்லை, மலேசியக் குடியுரிமையும் போய்விட்டது. பினாங்கிலும் மலாக்காவிலும் வேர் உள்ள குடும்பத்துப் பிள்ளைகள் எந்த நாடும் இல்லாமல் பல ஆண்டுகள் அங்கே தவித்தார்கள். உங்கள் உறவினர் பாசத்தில்தான் சொல்லியிருப்பார். இந்தக் கதையை அவருக்கும் சொல்லுங்கள்.

இனி உங்கள் மாமியார். உங்கள் கடிதத்தில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது இந்தப் பகுதிதான்.

கிளினிக் பாரத்தில் ‘ஆமாம்’ என்று கோடு போட்டது தவறு. பெரியவர் மனம் நோகக் கூடாது என்று செய்தீர்கள், புரிகிறது. ஆனால் அந்தக் கட்டம் ‘நீங்கள் இந்த மண்ணைச் சேர்ந்தவரா’ என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால், எழுபது வருடத்துக்கு மேல் இங்கேயே வாழ்ந்தவரைவிட உரிமையோடு ‘ஆமாம்’ சொல்ல யார் இருக்கிறார்கள்? அது கேட்பது, சட்டம் இன்றைய தேதியில் அவரை எந்தப் பதிவேட்டில் வைத்திருக்கிறது என்பதை. சிவப்பு அட்டையிலேயே பதில் இருக்கிறது: பெமாஸ்தாவுத்தின் தெத்தாப், நிரந்தரவாசி. ஆகவே வார்கநெகாரா என்ற கேள்விக்கு ‘புக்கான் வார்கநெகாரா’, குடிமகள் அல்ல. தகுதி கேட்டால் ‘பெமாஸ்தாவுத்தின் தெத்தாப்’. அடுத்த முறை கிளினிக் போகும்போது கவுண்டரில் அட்டையைக் காட்டி, ‘போன தடவை தவறாகக் குறித்துவிட்டேன், திருத்திக்கொள்ளுங்கள்’ என்று நீங்களே சொல்லிவிடுங்கள். தானாக வந்து திருத்துகிறவரை யாரும் குற்றவாளியாகப் பார்க்க மாட்டார்கள். அப்படியே விட்டுவிட்டால், நாளைக்கு அவர் குடியுரிமைக்கு மனுச் செய்யும்போது ‘முன்பே குடிமகள் என்று எழுதியிருக்கிறீர்களே’ என்ற கேள்வி வர இடம் கொடுக்கிறோம்.

அட்டை எண்ணின் நடுவில் 02 இருக்கிறது, அது கெடாவின் எண்தானே, அப்படியானால் குடிமகள்தானே என்று சிலர் வாதம் செய்வார்கள். அந்த இரண்டு இலக்கமும் பிறந்த மாநிலத்தை மட்டும் காட்டும். 07 பினாங்கு, 14 கோலாலம்பூர். குடியுரிமையை அது சொல்லாது.

அப்புறம், ‘எந்த நாடு’ என்று கேட்கும் கட்டம். இதில்தான் மிகுந்த கவனம் தேவை. ‘அப்பா அம்மா தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள்தானே’ என்று நினைத்து இந்தியா என்று எழுதிவிடாதீர்கள். அவர் எப்போதாவது இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாரா? இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்திருந்தாரா? அப்படி எதுவும் இல்லையென்றால், கையில் காகிதம் இல்லாத ஒரு நாட்டை அவர் பெயருக்குப் பக்கத்தில் நாமே எழுதிக்கொடுக்கக் கூடாது. மலேசியா என்றும் எழுத முடியாது. அந்த இடத்தில் ‘மலேசிய நிரந்தரவாசி’ என்று எழுதுங்கள். கணினியில் ஏதாவது ஒரு நாட்டைக் கட்டாயம் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால், அட்டையைக் கவுண்டர் அதிகாரியிடம் கொடுத்து, அவர்கள் பதிவில் இருப்பதன்படி அவர்களையே நிரப்பச் சொல்லுங்கள். என்ன நிரப்பினார்கள் என்று ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரே லயம், ஒரே தாய், அக்காவுக்குச் சிவப்பு, தம்பிக்கு நீலம். இது எப்படி என்று உங்கள் மாமியார் ஆயுள் முழுக்க யோசித்திருப்பார். தான் என்ன தப்புச் செய்தோம் என்றுகூட நினைத்திருப்பார். அவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

அம்மா, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. தேதிதான் காரணம். மெர்டேக்கா நாளான 1957 ஆகஸ்ட் 31லிருந்து 1962 செப்டம்பர் முடியும்வரை இந்த மண்ணில் பிறந்த பிள்ளைகள் பிறப்பாலேயே குடிமக்கள் என்று அரசியலமைப்பின் இரண்டாவது அட்டவணை சொல்கிறது. தாய் தகப்பன் எங்கிருந்து வந்தார்கள் என்று அது கேட்கவில்லை. உங்கள் தம்பி 1959ல் பிறந்தார், அந்த வாசல் திறந்திருந்த காலம். நீங்கள் 1953ல் பிறந்தீர்கள். அன்றைய கெடாவில் வேறு விதி. இந்தியாவிலிருந்து வந்த இருவருக்குப் பிறந்த பிள்ளை, அங்கே பிறந்தது என்பதால் மட்டும் குடியுரிமை பெறவில்லை. எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம், அன்றைக்கு வெல்லஸ்லி மாநிலம் என்று சொன்ன செபராங் பிறையில் பிறந்திருந்தால், அது காலனி மண், கதையே வேறாகியிருக்கும். கூலிமுக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் நடுவே பேருந்தில் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும்.

மெர்டேக்காவுக்குப் பிறகு, பிறந்த இடம் இங்கேதான் என்று காட்டி மனுப் போட்டுப் பதிந்துகொள்ள வழி இருந்தது. ஆனால் தோட்டத்தில் யார் வந்து சொன்னார்கள்? விடிவதற்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, அப்புறம் பால்மரம், பிள்ளைகள். தோட்டத்து எழுத்தரான கிராணி சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று வந்தபோதுதான் பலருக்கும் அட்டையின் நிறம் வயிற்றை எட்டியது. அப்போது மூட்டை கட்டிக்கொண்டு நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறியவர்கள் எத்தனையோ பேர். உங்கள் மாமியார் குடும்பம் தங்கிவிட்டது.

சகோதரி, அந்த வழி இன்னும் மூடவில்லை என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அரசியலமைப்பின் 16வது பிரிவு, மெர்டேக்காவுக்கு முன் கூட்டரசில் பிறந்த, 18 வயது நிறைந்த எவரும் பதிவு மூலம் குடியுரிமை பெற உரிமை உள்ளவர் என்கிறது. மனுவுக்கு முந்தைய 7 ஆண்டுகளில் மொத்தம் 5 ஆண்டுகளாவது இங்கே வசித்திருக்க வேண்டும். தொடர்ந்து இங்கேயே வாழும் எண்ணம் வேண்டும். நன்னடத்தை வேண்டும். மலாய் அடிப்படையாகத் தெரிந்தால் போதும். சிவப்பு ஐசி வைத்திருக்கும் பல பெரியவர்கள் 19வது பிரிவின் கீழ் மனுப் போட்டுவிட்டுக் காத்திருப்பதைப் பார்க்கிறேன். அது வெளியில் பிறந்து இங்கே குடியேறியவர்களும் பயன்படுத்துகிற வழி, கடந்த 12 ஆண்டுகளில் 10 ஆண்டு வசித்திருக்க வேண்டும், மலாயும் போதிய அளவு தெரிய வேண்டும் என்று நிபந்தனை கூடுதல். 1953ல் கூலிமில் பிறந்தவர் 16ஐ விட்டுவிட்டு 19க்குப் போகக் கூடாது. தேசியப் பதிவு இலாகாவில் பாரம் வாங்கும்போதே ‘மெர்டேக்காவுக்கு முன் இங்கே பிறந்தவர், 16வது பிரிவு’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் மாமனார் உயிரோடு இருந்திருந்தால் குடிமகனின் மனைவி என்று 15வது பிரிவிலும் கேட்டிருக்கலாம். இப்போது அது இல்லை.

எல்லாம் பிறப்புப் பத்திரத்தில்தான் நிற்கிறது. முதலில் வீட்டில் தேடுங்கள். பழைய மைலோ டின், புடவைப் பெட்டியின் அடி, சாமிப் படத்தின் பின்பக்கம், இந்த மூன்று இடத்திலும் கிடைத்ததை நானே பார்த்திருக்கிறேன். இல்லையென்றால் தேசியப் பதிவு இலாகாவில் பிறப்புப் பதிவைத் தேடித் தரச் சொல்லி மனுக் கொடுக்கலாம். தேடும்போது இன்றைய பெயரை மட்டும் நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் கிராணி காதில் விழுந்தபடி எழுதியதுதான் எழுத்து. தகப்பன் பெயர், தாய் பெயர், தோட்டத்தின் பெயர், தோட்டத்து ஆஸ்பத்திரி, இவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். சில பழைய பத்திரங்களில் குழந்தையின் பெயர் இருக்காது, பெண் குழந்தை என்று மட்டும் இருக்கும்.

என்னிடம் வந்த ஓர் அம்மாவின் பத்திரத்தில் ‘காமாச்சி’, சிவப்பு அட்டையில் ‘கமலாச்சி’, கல்யாணப் பதிவில் ‘காமாட்சி’. தகப்பன் பெயருக்கும் இரண்டு எழுத்து. மூன்றும் ஒரே ஆள் என்று சத்தியப்பிரமாணம் எழுதி, சத்தியப்பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்து வாங்கி, கூடவே பிறந்த தம்பியின் பத்திரத்தையும் வைத்தோம். அந்தத் தம்பியின் பத்திரத்தில் அதே தாய், அதே தகப்பன், அதே தோட்டம். பெயர்க் குழப்பத்தைத் தீர்த்து வைத்தது அந்த ஒரு காகிதம்தான். உங்கள் மாமியாருக்கும் நீல ஐசித் தம்பி இருக்கிறார். அவர் பத்திரத்தின் நகலை இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள்.

மனுப் பாரத்தில் இன்றைய குடியுரிமையைக் கேட்கும் இடம் வரும். மேலே சொன்னதுதான் இங்கேயும், ஊகித்து எழுத வேண்டாம். ஆசையில் ‘மலேசியா’ என்று எழுதினால், ‘அப்படியானால் எதற்கு மனு’ என்று திருப்பிவிடுவார்கள். இதற்கு முன் எப்போதாவது மனுச் செய்ததுண்டா என்றும் கேட்கலாம். இருபது வருடத்துக்கு முன் போட்டு நிராகரித்த மனுவாக இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள், பழைய கடிதம் இருந்தால் இணையுங்கள். இலாகாவின் பதிவில் அது இருக்கும்.

அரசு சாராத உதவி வேண்டுமானால், பினாங்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது. டி.எச்.ஆர்.ஆர்.ஏ மலேசியா என்ற அமைப்பு நாடற்றவர்களுக்கு ஆவணம் வாங்கித் தரும் பணியில் பல காலமாக இருக்கிறது. ‘எனக்கு உள்ளே ஆள் தெரியும், இவ்வளவு கொடுத்தால் நீல அட்டை’ என்று வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அப்படி வாங்கிய அட்டை பின்னால் பிடிபட்டால் அட்டையும் போகும், பெரியவர் காவல் நிலையத்துக்கும் அலைய நேரிடும்.

மனு ஏற்கப்பட்டால், அவர் நாட்டுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொள்ள வேண்டும். அன்றிலிருந்து எல்லாப் பாரத்திலும் வார்கநெகாரா, மலேசியா. ஒரே ஒரு இடத்தில் மட்டும் மற்றவர்களிலிருந்து அவர் பதில் வேறாக இருக்கும். பழனிக்கோ வேளாங்கண்ணிக்கோ போக இந்திய விசா பாரம் நிரப்பும்போது, குடியுரிமை பிறப்பால் வந்ததா, பின்னால் பெற்றதா என்று அதில் ஒரு கேள்வி உண்டு. நீங்களும் மகளும் ‘பிறப்பால்’ என்று குறிக்கலாம். பதிவு மூலம் பெற்றவர் பின்னால் பெற்றதையே குறிக்க வேண்டும். அதே பாரத்தில் தாய் தகப்பனின் குடியுரிமை, முந்தைய குடியுரிமை என்றெல்லாம் கேட்கும். உங்கள் கணவர் தன் தாயைப் பற்றி எழுதும்போதும் இது பொருந்தும். இந்தியா தரும் ஓ.சி.ஐ (கடல்கடந்த இந்தியக் குடிமகன்) அட்டையை யாராவது குடும்பத்தில் வாங்கினாலும், பெயரில் ‘குடிமகன்’ என்று இருப்பதை நம்பிக் குடியுரிமைக் கட்டத்தில் இந்தியாவைச் சேர்க்க வேண்டாம். ஓட்டுரிமை இல்லாத அந்த அட்டை நீண்ட கால விசாவைப் போன்றதுதான்.

இந்த வாரம் மகளின் மின்னஞ்சல், அடுத்து கிளினிக்கில் திருத்தம், அதன் பிறகு தம்பியின் பத்திர நகல் என்று வரிசையாகப் போங்கள். பிறப்புப் பத்திரம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எனக்கு எழுதுங்கள், அதற்கேற்ப மனுவை அமைக்கலாம். நேர்காணலில் மலாயில்தான் பேசுவார்கள். பெயர் என்ன, எங்கே பிறந்தீர்கள், எத்தனை பிள்ளைகள் என்ற மாதிரி கேள்விகள். எனக்குத் தெரிந்த பல அம்மாக்கள் சந்தையில் சரளமாக மலாய் பேசுவார்கள், அதிகாரியின் மேசைக்கு முன்னால் வாய் கட்டிக்கொள்ளும். நாளையிலிருந்து மீன் வாங்கப் போகும்போது நீங்கள் பின்னால் நின்றுகொண்டு, அவரையே விலை கேட்க விடுங்கள்.